முகமும் தெரிய, இடமும் தெரிய: டென்மார்க் வெளிச்சத்தில் அகலக் கோணப் படங்கள்

புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களின் பழைய அல்பங்களைப் புரட்டினால் இரண்டு வகைப் படங்கள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, முகம் மட்டும் தெரியும் படம். சோபா, திரைச்சீலை, பிறந்தநாள் கேக், நான்கு பேர். அது பிராண்டேயா, பரிசா, ரொறன்ரோவா என்று யாராலும் சொல்ல முடியாது. மற்றது, இடம் மட்டும் தெரியும் படம். வெள்ளை வெளேரென்ற பனி, அதன் நடுவே கறுப்பாக ஓர் உருவம். ஊரில் அந்தப் படத்தைக் கையில் வாங்கியவர்கள், சட்டையை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டிருப்பார்கள்.

1980களின் நடுப்பகுதியில் இருந்து டென்மார்க் வந்த ஈழத்தமிழர்களில் பலர் தலைநகரத்தில் அல்லாமல், யூலண்ட் பகுதியின் சிறிய நகரங்களிலேயே வாழ்க்கையைத் தொடங்கினார்கள். பிராண்டே, ஹேர்னிங் போன்ற பெயர்கள் எங்கள் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களில் ஏறியது அப்படித்தான். அந்த முதல் ஆண்டுகளின் வீடு, தெரு, வேலையிடம் எல்லாம் எப்படி இருந்தன என்று இன்று பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். காட்டுவதற்குப் படம் குறைவு. ஊரில் இருந்த அல்பங்களோ 1995 இடம்பெயர்விலும் 2009 வரையான போரிலும் வீடுகளோடு சேர்ந்து போய்விட்டன.

இப்போது எல்லோர் கையிலும் கமரா இருக்கிறது. முகத்தையும் இடத்தையும் ஒரே படத்தில் கொண்டுவர இரண்டு வசதிகளும் அதற்குள்ளேயே இருக்கின்றன. இடத்தைக் கொண்டுவருவது அகலக் கோண லென்ஸ். முகத்தைக் காப்பாற்றுவது எச்.டி.ஆர் எனப்படும் முறை. இரண்டையும் தானாக இயங்க விட்டால் இரண்டும் படத்தைக் கெடுக்கவும் செய்யும். எது எப்போது உதவும், எப்போது கெடுக்கும் என்பதைத்தான் இந்தக் கட்டுரை சொல்கிறது.

சூரியன் தாழ்ந்து நிற்கும் நாடு

முதலில் வெளிச்சத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். யாழ்ப்பாணம் பூமத்திய கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் இருக்கிறது. பிராண்டே 56 பாகையில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் சூரியன் மிகத் தாழ்ந்து போகும் மார்கழி நண்பகலிலும் அது அடிவானத்தில் இருந்து சுமார் 57 பாகை உயரத்தில் நிற்கும். பிராண்டேயில் சூரியன் மிக உயர்ந்து நிற்கும் யூன் மாத நண்பகலிலும் அதே 57 பாகைதான். அதாவது, ஊரின் மிகத் தாழ்ந்த நண்பகற் சூரியனும் இங்குள்ள மிக உயர்ந்த நண்பகற் சூரியனும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. டிசம்பரில் பிராண்டேயின் நண்பகற் சூரியன் 11 பாகைக்கு மேலே ஏறுவதில்லை. பகலும் ஏழு மணி நேரம் மட்டுமே.

இதனால் படத்துக்கு என்ன? ஊரில் வெயில் உச்சியில் இருந்து விழும். கண்குழியும் மூக்கின் கீழும் கறுக்கும். இங்கே வெயில் பக்கத்தில் இருந்து வரும். ஆள் சூரியனைப் பார்த்து நின்றால் கண் கூசிச் சுருங்கும். சூரியனுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருளும். அதோடு அகலக் கோண லென்ஸ் வானத்தின் பெரும்பகுதியையும் படத்துக்குள் இழுத்து வரும். கோணம் அகல அகல வெயில், நிழல், வானம், கறுப்புக் குளிர்கோட்டு எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வந்து சேரும். அகலக் கோணமும் எச்.டி.ஆரும் சேர்ந்தே பேசப்படுவதற்குக் காரணம் இதுதான்.

கமரா ஏன் முகத்தைக் கறுப்பாக்குகிறது?

கமராவுக்கு எது பனி, எது முகம் என்று அடிப்படையில் தெரியாது. எதிரே உள்ள எல்லாவற்றையும் சராசரியாக்கி, அந்தச் சராசரியை நடுத்தரச் சாம்பல் நிறமாகக் காட்ட முயல்வதுதான் அதன் பழைய கணக்கு. படத்தின் முக்கால்வாசி பனியாக இருந்தால், அந்தப் பனியைச் சாம்பலாக்க அது மொத்த வெளிச்சத்தையும் குறைக்கும். ஏற்கனவே மாநிறமாக இருக்கும் முகம் மேலும் இரண்டு படி கீழே போய்விடும்.

இந்தப் 'படி' என்ற அளவை நினைவில் வைத்திருங்கள். ஒரு படி கூடினால் வெளிச்சம் இரண்டு மடங்கு. இரண்டு படி என்றால் நான்கு மடங்கு. பத்துப் படி என்றால் 1024 மடங்கு. வெயில் நாளில் யன்னலுக்கு வெளியே உள்ள புற்றரை, உள்ளே சோபாவில் இருக்கும் அம்மம்மாவின் முகத்தைவிட ஐந்நூறு, ஆயிரம் மடங்கு வெளிச்சமாக இருப்பது சாதாரணம். எங்கள் கண்ணும் மூளையும் அங்கும் இங்கும் பார்த்துப் பார்த்து இதைச் சமாளித்துவிடும். கமராவோ ஒரே பார்வையில் எல்லாவற்றையும் பதிய வேண்டும். நல்ல பெரிய கமரா ஒன்று 14 படி வரை பதியும். கைத்தொலைபேசியின் சிறிய சென்சர் அதைவிடக் குறைவு.

இன்னொன்றும் உண்டு. பிலிம் காலத்தில் கொடக் நிறுவனம் கடைகளுக்கு அனுப்பிய நிறச் சரிபார்ப்பு அட்டையில் இருந்தது வெள்ளைத் தோலுள்ள ஒரு பெண்ணின் படம். அந்த நிறம் சரியாக வந்தால் அச்சு சரி என்று எடுத்துக்கொண்டார்கள். கறுத்த தோலின் நுணுக்கங்கள் அதில் கணக்கில் எடுக்கப்படவே இல்லை. பிலிம் பிற்காலத்தில் திருந்தியதற்கு, மரத் தளபாடமும் சொக்கிலேற்றும் விற்றவர்கள் தங்கள் பொருட்களின் நிறம் படத்தில் சரியாக வரவில்லை என்று முறைப்பட்டதும் ஒரு காரணம். கைத்தொலைபேசி நிறுவனங்கள் பல்வேறு தோல் நிறங்களைச் சரியாகக் காட்டுகிறோம் என்று விளம்பரப்படுத்தத் தொடங்கியதே அண்மையில்தான். கூகுள் 2021இல் பிக்சல் 6 தொலைபேசியோடு அதை அறிவித்தது. ஆகவே பழைய அல்பத்தில் அப்பாவின் முகம் இருண்டிருந்தால், பிழை அப்பாவின் நிறத்திலும் இல்லை, படம் எடுத்தவர் கையிலும் இல்லை.

எச்.டி.ஆர் என்ன செய்கிறது?

ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் பல தடவை எடுத்து, ஒவ்வொன்றிலும் நன்றாக வந்த பகுதிகளைச் சேர்த்து ஒரே படமாக்குவதே எச்.டி.ஆர். இது புதிய யோசனை அல்ல. 1850களில் பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே, கடலுக்கு ஒரு நெகடிவ், வானத்துக்கு ஒரு நெகடிவ் என்று தனித்தனியாக எடுத்து ஒரே தாளில் அச்சிட்டார். 1997இல் போல் டெபெவெக்கும் இந்தியாவில் பிறந்த ஜிதேந்திர மாலிக்கும் பல படங்களில் இருந்து ஒரு காட்சியின் உண்மையான ஒளி அளவுகளைக் கணக்கிடும் முறையை வெளியிட்டார்கள். 2010இல் ஐபோன் கமராவில் எச்.டி.ஆர் ஒரு தெரிவாக வந்தது. இன்று பெரும்பாலான புதிய தொலைபேசிகளில் அது எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கிறது. ஒரு தடவை அழுத்தும்போது உள்ளே பல படங்கள் விழுகின்றன.

ஆனால் எந்த இடம் முக்கியம் என்பதை அது ஊகிக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். கைத்தொலைபேசியில் மூன்று வேலைகள் போதும்.

ஒன்று, திரையில் முகத்தின் மேல் விரலால் தொடுங்கள். அந்த இடத்தை வைத்து வெளிச்சத்தை அளக்கும்படி கமராவுக்குச் சொல்கிறீர்கள்.

இரண்டு, சற்று நேரம் விரலை அழுத்திப் பிடித்தால் அந்த அளவு பூட்டப்படும். பிறகு கமராவைச் சற்று அசைத்தாலும் மாறாது.

மூன்று, தொட்ட இடத்தின் பக்கத்தில் தோன்றும் சிறிய சூரியக் குறியையோ கோட்டையோ மேலே இழுத்தால் படம் வெளுக்கும், கீழே இழுத்தால் இருளும். பனியில் கொஞ்சம் மேலே இழுங்கள். விளக்கு, கற்பூரம், பொன்நகை முக்கியமானால் கொஞ்சம் கீழே இழுங்கள்.

தனிக் கமரா வைத்திருப்பவர்கள் அதில் உள்ள தொடர் எடுப்பு வசதியைப் பயன்படுத்தலாம்: இரண்டு படி குறைவாக ஒன்று, அளவாக ஒன்று, இரண்டு படி கூட ஒன்று. மூன்றுகால் தாங்கியில் கமராவை நிறுத்துங்கள். துவாரத்தின் அளவை மாற்றாமல் நேரத்தை மட்டும் மாற்றுங்கள். துவாரம் மாறினால் எது தெளிவு, எது மங்கல் என்பதும் மாறிப் படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. பின்னர் லைட்ரூம் போன்ற மென்பொருளில் மூன்றையும் சேர்க்கலாம். பல வேளைகளில் இதுகூடத் தேவைப்படாது. ரோ வடிவில் ஒரே ஒரு படம், வானம் வெளுக்காத அளவில் எடுத்தால், நிழலில் உள்ள முகத்தை இரண்டு படி வரை பின்னர் உயர்த்திக்கொள்ளலாம்.

அகலக் கோணம்: யாரை எங்கே நிறுத்துவது

கைத்தொலைபேசியின் வழமையான லென்ஸ் ஏறத்தாழ 80 பாகை அகலத்தைப் பார்க்கும். 0.5 என்று குறிக்கப்பட்ட அகன்ற லென்ஸ் 120 பாகை வரை பார்க்கும். எல்லாம் உள்ளே வந்துவிடும் என்பதுதான் அதன் கவர்ச்சி. ஆனால் எல்லாம் உள்ளே வந்தால் எதுவும் பெரிதாக இருக்காது. பத்து மீற்றர் தள்ளி நின்று 0.5இல் எடுத்தால் ஆட்கள் எறும்பாகிவிடுவார்கள்.

அகலக் கோணத்தின் முதல் விதி, கிட்டப் போவது. யாருக்காகப் படம் எடுக்கிறீர்களோ அவருக்கு ஒன்றரை, இரண்டு மீற்றர் அளவில் நில்லுங்கள். அவர் பெரிதாகத் தெரிவார். அவருக்குப் பின்னால் வீடும் தெருவும் வானமும் விரியும். முகமும் இடமும் ஒன்றாக வருவது இப்படித்தான்.

இரண்டாவது, ஓரத்தில் ஆளை நிறுத்தாதீர்கள். அகன்ற லென்ஸ் நேர்கோடுகளை நேராக வைத்திருக்க முயலும்போது, ஓரத்தில் இருக்கும் உருண்டையான பொருட்களை வெளிப்பக்கமாக இழுத்துவிடும். சாமத்தியவீட்டு மண்டபத்தில் இருபது பேரை ஒரே வரிசையில் நிறுத்தி 0.5இல் எடுத்தால், இரு ஓரத்திலும் நிற்கும் மாமிமார் உண்மையில் இருப்பதைவிடப் பருமனாகத் தெரிவார்கள். பின்னர் அந்தப் படத்தை அவர்கள் யாருக்கும் காட்டமாட்டார்கள். கூட்டப் படத்துக்கு இரண்டு மூன்று வரிசைகளாக நிறுத்தி, பின்னால் போய், வழமையான லென்ஸிலேயே எடுங்கள். ஓரங்களை மேடை அலங்காரத்துக்கும் நிறைகுடத்துக்கும் விடுங்கள்.

மூன்றாவது, கமராவை நிமிர்த்தாதீர்கள், குனிக்காதீர்கள். உயரமான கோபுரத்தை முழுமையாகப் பிடிக்கக் கமராவை மேலே சாய்த்தால், கட்டடம் பின்பக்கம் விழுவது போலத் தோன்றும். கமராவை நேராகப் பிடித்து, தேவையானால் நெடுக்காகத் திருப்பி, கீழே அதிகமாக வரும் தரையைப் பின்னர் வெட்டிவிடலாம். அல்லது அந்தத் தரையில் ஒரு கோலமோ, கழற்றி வைத்த செருப்பு வரிசையோ வரும்படி நில்லுங்கள். அகலக் கோணப் படத்தில் கீழ்ப்பகுதி வெறுமையாக இருந்தால் படமே வெறுமையாக இருக்கும்.

யூலண்ட் தட்டையான நிலம். மலை இல்லை, பனையும் இல்லை. அடிவானக் கோடு படத்தின் சரி நடுவில் விழுந்தால் வானமும் சமம், நிலமும் சமம், இரண்டும் சலிப்பு. முகில் அழகாக இருக்கும் நாளில் கோட்டைக் கீழே இறக்குங்கள். நிலத்தில் பனி, பாதை, பிள்ளையின் சைக்கிள் இருந்தால் கோட்டை மேலே ஏற்றுங்கள்.

ஆலயத்தில்

பிராண்டேயில் ஸ்ரீ அபிராமி அம்மன் ஆலயமும் அருகே ஹேர்னிங்கில் ஸ்ரீ சித்தி விநாயகர் ஆலயமும் டென்மார்க் தமிழர் நன்கு அறிந்தவை. விழா நாட்களில் எடுக்கப்படும் படங்களுக்குக் கணக்கில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை விக்கிரகத்தை மட்டும் நெருக்கமாகப் பிடித்தவை. அதே விக்கிரகத்தின் அழகான படத்தை வேறெங்கும் பெறலாம். உங்கள் அம்மா, இந்த நாட்டில், இந்தச் சந்நிதியில் கைகூப்பி நின்ற படம் வேறெங்கும் கிடைக்காது.

பொதுவாகக் கோயிலின் உட்புறம் வெளிச்சத்துக்கு மிகக் கடினமான இடம். மூலஸ்தானத்தில் தீபம், மேலே மின்விளக்கு, ஒரு பக்கம் யன்னல், நடுவே நிழலில் முகங்கள். பக்கவாட்டில் நின்று, கும்பிடுபவரின் முகத்தைத் தொட்டு அளந்து, பிறகு குறியைச் சற்றுக் கீழே இழுங்கள். தீபச்சுடர் வெறும் வெள்ளைப் பொட்டாகாமல் பொன்னிறமாக நிற்கும். முகம் கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை, அதைப் பின்னர் உயர்த்தலாம். வெளுத்துப்போன சுடரைத் திரும்பக் கொண்டுவர முடியாது. உட்புறத்தில் 0.5 லென்ஸைத் தவிர்ப்பது நல்லது. பெரும்பாலான தொலைபேசிகளில் அதன் சென்சர் சிறியது; இருட்டில் மணல் தூவியது போல இருக்கும். பிளாஷ் வேண்டவே வேண்டாம். எந்த ஆலயத்திலும் படம் எடுக்கலாமா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

எங்கே எச்.டி.ஆர் வேண்டாம்

அசைவு அதற்கு எதிரி. பல படங்களைச் சேர்க்கும் இடைவெளியில் காவடி ஆடுபவரின் கை இரண்டாகத் தெரியலாம். மயிலிறகு புகையாகலாம். காற்றாலையின் இறக்கை துண்டுபடலாம். அவற்றுக்கு வெளிச்சம் நிறைந்த இடத்தில், ஒரே ஒரு வேகமான எடுப்புத்தான் சரி. வானம் வெளுத்தால் வெளுக்கட்டும்.

இரண்டாவது, நிழல் வேண்டிய இடம். எல்லாவற்றையும் வெளிச்சமாக்கினால் முகம் மாப்பூசியது போலத் தட்டையாகிவிடும். மென்பொருளில் கூர்மையைக் கூட்டினால் தாத்தாவின் முகச்சுருக்கங்கள் வயல் வரம்பு போல எழும். கூரை ஓரத்தைச் சுற்றி வெள்ளைப் பரிவட்டம் வரும். வானம் கரி பூசியது போலாகும். படத்தைப் பார்த்தவுடன் 'எச்.டி.ஆர்' என்று சொல்லத் தோன்றினால் அளவு மிஞ்சிவிட்டது. பட்டுச்சேலையின் சரிகை மின்ன வேண்டுமானால் அதன் மடிப்பில் இருள் இருக்கத்தான் வேண்டும்.

மூன்றாவது, இயற்கையே சமன் செய்து தரும் நேரம். சூரியன் மறைந்த பின் வெளியே உள்ள வானமும் உள்ளே உள்ள மின்விளக்கும் ஒரே அளவு வெளிச்சத்துக்கு வரும் ஒரு பொழுது உண்டு. யாழ்ப்பாணத்தில் அந்தி இருபது நிமிடம் அளவில் முடிந்துவிடும். பிராண்டேயில் யூன் மாதத்தில் அது ஒரு மணி நேரம் அளவு நீளும்; நள்ளிரவிலும் வடக்கு வானம் முழுதாகக் கறுக்காது. அந்த நேரத்தில் யன்னலில் விளக்கெரியும் வீட்டின் முன் குடும்பத்தை நிறுத்தினால் வீடு, வானம், முகம் மூன்றும் எந்த வித்தையும் இல்லாமல் பதியும். கோடையில் இதற்கு இரவு பத்தரை மணிக்குப் பிறகு காத்திருக்க வேண்டும். டிசம்பரில் பின்னேரம் நான்கரைக்குள் முடிந்துவிடும்.

பழகிப் பார்க்க பிராண்டே

இதைப் பழக நல்ல இடம் பிராண்டே நகரமே. 1968 முதல் இங்குள்ள வீடுகளின் பக்கச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வரையப்பட்டு வருகின்றன. சுவருக்கு நேர் எதிரே நின்று, கமராவைச் சுவருக்குச் சமாந்தரமாகப் பிடித்து எடுத்தால் கோடுகள் சாயாது. பின்னர் பிள்ளையைச் சுவருக்கு முன்னால் அல்ல, உங்களுக்கு இரண்டு மீற்றர் முன்னால் நிறுத்தி எடுங்கள். முதற் படம் சுவரின் படம். இரண்டாவது, அந்த ஊரில் வளர்ந்த பிள்ளையின் படம்.

பிராண்டே காற்றாலைத் தொழிலின் ஊரும்கூட. 1980இல் இங்கு தொடங்கிய நிறுவனம் பின்னர் போனஸ் எனப் பெயர் பெற்று, 2004இல் சீமென்ஸின் கைக்குப் போனது. 1991இல் டென்மார்க்கின் விண்டெபியில் அமைந்த, உலகின் முதற் கடற் காற்றாலைத் தொகுதியின் 11 காற்றாலைகளும் போனஸ் செய்தவை. காற்றாலையைத் தனியாக எடுத்தால் அது எந்த நாட்டிலும் இருக்கலாம். வேலை முடிந்து வரும் உங்கள் அண்ணனை முன்னால் நிறுத்தினால் அது உங்கள் குடும்ப வரலாறு. தொழிற்சாலை வளவுக்குள் எடுக்க மட்டும் அனுமதி கேளுங்கள்.

எடுத்த படத்தைக் காப்பது

வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித்தான் போகிறது. மூலக்கோப்பைக் கணினியிலும் வேறொரு வட்டிலும் வையுங்கள். புதிய தொலைபேசித் திரையில் பளிச்சென்று மின்னும் எச்.டி.ஆர் படம் வேறு திரையில் மங்கலாகத் தெரியலாம். தாளில் அச்சிடும்போது அந்த மினுக்கம் இருக்காது. தாள் காட்டக்கூடிய வெளிச்ச வீச்சு ஆறு, ஏழு படிகள் அளவுதான். ஆகவே அச்சிடப்போகும் படத்தைத் திரையின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துச் சரிபாருங்கள். முகம் மட்டும் சற்று வெளுத்திருக்கட்டும். பின்பக்கத்தில் பெயர், இடம், ஆண்டு மூன்றையும் எழுதுங்கள். பெயரைத் தமிழிலும் டெனிஷிலும் எழுதினால் பேரப்பிள்ளையாலும் வாசிக்க முடியும்.

எதை எடுப்பது என்று கேட்டால் ஐந்து இடங்களைச் சொல்லலாம்: பெற்றோர் முதலில் குடியிருந்த வீட்டின் தெரு, அவர்கள் வேலை செய்த இடத்தின் வாசல், இப்போதைய சமையலறை, கும்பிடும் ஆலயம், பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடம். ஒவ்வொன்றிலும் அந்த மூத்தவர் இருக்க வேண்டும். இரண்டு மீற்றருக்குள், நடுவுக்குச் சற்றுப் பக்கமாக, முகத்தில் வெளிச்சம் விழும்படி. முதல் தலைமுறையில் பலர் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள். ஐந்து படத்துக்கும் ஒரு சனிக்கிழமை போதும்.